டேபிள்டாப் ஆர்பிஜிக்கு செட்டிங் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் ஆட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஆறேழு செஷன், அதாவது அமர்வு, ஓடியதும் அநேகமாக எல்லாக் குழுவுக்கும் ஒரே குறை தட்டும். விதிகள் கைக்கு வந்துவிட்டன, சண்டையும் வேகமாக நடக்கிறது. ஆனால் ஊர் என்று போனால் ஒரு சத்திரம், ஒரு கொல்லர், ஊருக்கு வெளியே ஒரு குகை, அவ்வளவுதான். "இந்த ஊர் யாருக்கு வரி கட்டுகிறது? இங்கே என்ன சாமி?" என்று ஒரு பிளேயர் கேட்டுவிட்டால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தடுமாறுகிறார். அந்தக் கேள்விகளுக்கான விடைகளைத்தான் ஆடுபவர்கள் லோர் என்கிறார்கள்: ஒரு கற்பனை உலகத்தின் வரலாறு, வழிபாடு, பகை, வழக்கம், வதந்தி. அதைத் தருவது செட்டிங் புத்தகம்.

தேடிப் பார்த்தால் 64 பக்கத்திலும் கிடைக்கும், 800 பக்கத்திலும் கிடைக்கும். பெரியதை ஆசையாக வாங்கி, பாதியில் மூடி வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. எழுதியிருப்பதில் எவ்வளவு இந்தச் சனிக்கிழமை மேசைக்கு வரும்? இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். இங்கே பெயர் சொல்லும் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பவை.

முதலில் வகையைப் பாருங்கள்

அட்டையைப் பார்த்து வகையைச் சொல்லிவிட முடியாது. விதிநூல், செட்டிங் நூல், வட்டார நூல், சாகச நூல் என்று நான்கு இருக்கின்றன. விதிநூலில் லோர் தூவியிருக்கும், அவ்வளவே. செட்டிங் நூல் முழு உலகத்தையும் மேலிருந்து காட்டும். கெசட்டியர் என்று அழைக்கப்படும் வட்டார நூல் ஒரு நாட்டையோ நகரத்தையோ எடுத்துக்கொண்டு தெருவரை இறங்கும். சாகச நூல் ஒரு குறிப்பிட்ட கதையை நடத்துவதற்கானது. இதில் யார் கொலைகாரர் என்பதுவரை எழுதியிருக்கும். ஆகவே பிளேயராக ஆடப்போகிறவர் சாகச நூலைத் திறக்கவே கூடாது. லோர் படிக்கும் ஆசையில் தெரியாமல் வாங்கி, தன் ஆட்டத்தின் முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொள்பவர்கள் உண்டு. நீங்கள் பிளேயர் என்றால், எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேம் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புதிய கேம் மாஸ்டருக்கு எங்கள் பரிந்துரை வட்டார நூல். ஒரு நாடு, அல்லது ஒரே ஒரு நகரம். உலகம் முழுவதும் சொல்லும் புத்தகத்தில் ஒரு நாட்டுக்கு இரண்டு, மூன்று பக்கம்தான் ஒதுக்க முடியும். தலைநகரம், அரசர், விளைபொருள் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நாடு வந்துவிடும். உங்கள் பிளேயர்களோ முதல் மூன்று மாதம் ஒரே பேட்டையை விட்டு நகர மாட்டார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் எடிஷன் எடிஷனாக, அதாவது பதிப்பு பதிப்பாக, மாறி வருபவை. அதைப் பற்றிய பயம் வேண்டாம். நீங்கள் ஐந்தாம் எடிஷன் ஆடுகிறீர்கள் என்பதற்காக ஐந்தாம் எடிஷன் லோர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எடிஷனோடு பழையதாவது எண்கள் மட்டும்தான்: அசுரர்களின் உயிர்ப்புள்ளி, மந்திரங்களின் அளவு. ஊரும் பகையும் அப்படியே பயன்படும். 2001-இல் வந்த 320 பக்க ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கேம்பெய்ன் செட்டிங் மூன்றாம் எடிஷனுக்கானது. அந்த உலகத்தை ஒரே தொகுதியில் இவ்வளவு நிறைவாகச் சொன்ன புத்தகம் என்று இன்றும் பலர் அதையே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். 2015-இல் வந்த ஸ்வார்டு கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைடு அதே உலகத்தின் மேற்குக் கரையையும் வடபகுதியையும் மட்டும் பேசுவது. இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் ஆட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

பத்து நிமிடச் சோதனை

டிரைவ்த்ரூ ஆர்பிஜி, டிஎம்ஸ் கில்ட் போன்ற தளங்களில் பெரும்பாலான புத்தகங்களுக்குச் சில பக்கங்கள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். அதைத் திறங்கள். முன்னுரையை விடுங்கள். உலகம் படைக்கப்பட்ட கதையையும் விடுங்கள். அது எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு ஊரைப் பற்றிய பக்கத்துக்குப் போய், பென்சிலோடு உட்கார்ந்து நான்கு விஷயம் தேடுங்கள்.

ஒன்று, பெயருள்ள ஓர் ஆள், அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். இரண்டு, இரு தரப்பு. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். மூன்று, கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ எட்டும் ஒரு விவரம், பிளேயர்களிடம் அப்படியே சொல்லக்கூடியது. நான்கு, புத்தகமே விடை சொல்லாமல் விட்டிருக்கும் ஒரு கேள்வி. ஒரு பக்கத்தில் மூன்று கிடைத்தால் நல்ல புத்தகம். வெவ்வேறு மூன்று பக்கங்களைப் புரட்டியும் ஒன்றுக்கு மேல் தேறவில்லை என்றால் விட்டுவிடலாம்.

இதற்காக எழுதிய இரண்டு மாதிரிப் பத்திகளைப் பாருங்கள். முதலாவது: "இந்த ஊர் 412-ஆம் ஆண்டு இரண்டாம் அரசரால் நிறுவப்பட்டது. மக்கள்தொகை 6,000. கம்பளி வியாபாரம் முக்கியத் தொழில். மக்கள் உழைப்பாளிகள், விருந்தோம்பல் மிக்கவர்கள்." இரண்டாவது: "ஊர்க் கிணற்றுக்கு இரவுக் காவல் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் இறைத்தால் ஒரு வெள்ளி அபராதம். காரணம் கேட்டால் தலையாரி பேச்சை மாற்றிவிடுவார். கம்பளி வியாபாரிகள் அந்தத் தண்ணீரை வாயில் வைப்பதில்லை, சொந்தப் பீப்பாயோடுதான் வருகிறார்கள்."

முதல் பத்தியில் தகவல் அதிகம். ஆனால் அதை வைத்து ஒரு செஷன்கூட நடத்த முடியாது. இரண்டாவதைப் படித்த பிளேயர் அன்றிரவே கிணற்றடிக்குப் போவார். காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டாம் வகை எழுத்தை.

சோதனையின் கடைசி இரண்டு நிமிடத்தை வேறு மூன்றுக்கு ஒதுக்குங்கள்: பொருளடக்கம், சொல்லடைவு, வரைபடம். ஆட்டத்தின் நடுவில் ஒரு பெயரை அரை நிமிடத்தில் தேடி எடுக்க வேண்டியிருக்கும். சொல்லடைவு இல்லாத 300 பக்கப் புத்தகம் மேசையில் உதவாது. வரைபடத்தில் அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் "எத்தனை நாள் நடக்க வேண்டும்?" என்ற மிகச் சாதாரணக் கேள்விக்கே பதில் இருக்காது.

ஒரு நல்ல புத்தகம், கிட்டத்தில்

1987-இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அப்போதைய பதிப்பாளரான டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட கெசட்டியர் வரிசையின் முதல் புத்தகம், ஆரன் ஆல்ஸ்டன் எழுதிய தி கிராண்ட் டச்சி ஆஃப் கராமெய்கோஸ். 64 பக்கம், கூடவே ஒரு மடிப்பு வரைபடம். சின்னப் புத்தகம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடிப்படை நிலைமை இரண்டு வரியில் அடங்கும். டிரலடாரா என்ற பழைய நாட்டைத் தையாட்டிஸ் பேரரசு பிடித்துக்கொண்டது. பிறகு ஸ்டீஃபன் கராமெய்கோஸ் என்ற தையாட்டியப் பிரபு பேரரசில் இருந்த தன் பூர்வீக நிலங்களைக் கொடுத்து, இந்த நாட்டைத் தனக்கென்று வாங்கி ஆள்கிறார். ஆட்டம் தொடங்கும்போது அவர் வந்து 30 ஆண்டு ஆகிறது. மண்ணின் மக்கள் ஒரு பக்கம், வந்து நிலம் பெற்றவர்கள் ஒரு பக்கம். டியூக் பட்டத்தோடு ஆளும் ஸ்டீஃபன் நேர்மையாக ஆள நினைப்பவர். ஆனால் அவர் நிலம் பகிர்ந்து கொடுத்த பிரபுக்களில் ஒருவரான லுட்விக் ஃபான் ஹெண்ட்ரிக்ஸ் மேற்கே கொடுங்கோல் நடத்துகிறார். அங்கிருந்து தப்பியவர்கள் வந்து சேரும் ஊர் லுல்ன். டியூக் ஏன் அவரை அடக்கவில்லை என்று கேட்டாலே போதும், கேம்பெய்ன், அதாவது பல செஷன் நீளும் கதை, தொடங்கிவிடும்.

சமயத்தையும் இப்படியே கையாள்கிறது புத்தகம். டிரலடார மக்கள் ஹலாவ் என்ற பழைய அரசன் மிருக மனிதர் படையோடு பொருத கதையைப் பாடுகிறார்கள். ஹலாவும் அவன் தோழர்கள் இருவரும் மறுபிறவி எடுத்து வருவார்கள் என்று நம்பித் தேடும் ஒரு கூட்டம் இருக்கிறது. இதை வரலாற்றுக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போகலாம். அல்லது, உங்கள் பிளேயர் ஒருவரின் கேரக்டரைப் பார்த்து "நீதான் ஹலாவ்" என்று தெருவில் யாரோ காலில் விழலாம். நல்ல லோர் இரண்டாவதற்கு வழி விட்டு எழுதப்பட்டிருக்கும்.

வரைபடத்தில் ஓர் அறுகோணம் 8 மைல். கால்நடையாக ஒரு நாளைக்கு 24 மைல் என்பது இந்த ஆட்டங்களில் வழக்கமான கணக்கு, அதாவது நாளொன்றுக்கு மூன்று கட்டம். பயணத்தைக் கணக்கிட வேறு எதுவும் தேவையில்லை.

எந்த ஆண்டில் நிற்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பல உலகங்கள் புத்தகத்துக்குப் புத்தகம் காலத்தில் முன்னே நகர்கின்றன. பதிப்பாளரே நகர்த்தும் இந்தப் பெருங்கதைக்கு மெட்டாபிளாட் என்று பெயர். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட் கிரீன்வுட் உருவாக்கிய இந்த உலகத்தின் முதல் செட்டிங் தொகுப்பு பெட்டியாக 1987-இல் வந்தது. அதன் கதைக்காலம் அந்த உலகக் கணக்கில் 1350களின் கடைசி. 2001 புத்தகம் 1372-இல் நிற்கிறது. 1385-இல் ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு. 2008-இல் வந்த நான்காம் எடிஷன் புத்தகம் ஒரேயடியாக 1479-க்குத் தாவிவிட்டது. இடையில் நாடுகள் அழிந்தன, தெய்வங்கள் மாண்டன, பிறகு பல திரும்பி வந்தன.

விளைவு என்னவென்றால், 2001 புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிச் செய்தியை ரசிகர்களின் விக்கிப் பக்கத்திலிருந்து எடுத்தால் நூறு ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு உலகங்கள் ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன ராணி உயிரோடு கட்டளையிடுவார். விக்கியில் தவறு இருப்பதால் இது நடப்பதில்லை. எல்லா எடிஷனையும் ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்குவது அதன் இயல்பு. பரிகாரம் எளிது. ஆட்டம் தொடங்கும் முன் ஓர் ஆண்டைக் குறித்து, "நம் ஆட்டம் 1372. அதற்குப் பிறகு புத்தகங்களில் நடந்தது எதுவும் நம் மேசையில் நடக்கவில்லை" என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நாவல்களைக் கரைத்துக் குடித்த பிளேயர் குழுவில் இருந்தால் இந்த ஒரு வாக்கியம் பல சச்சரவைத் தவிர்க்கும்.

காலம் நகராத உலகங்களும் உண்டு. புதியவர்களுக்கு அவையே நிம்மதி. என். ராபின் கிராஸ்பி உருவாக்கி 1983-இல் வெளிவந்த ஹார்ன் உலகம் அதன் கணக்கில் 720-ஆம் ஆண்டிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் உங்கள் மேசையில் நடப்பதுதான். பல பகுதிகள் துளையிட்ட தனித்தாள்களாக வந்தன, கோப்பில் போட்டு வட்டாரவாரியாக அடுக்கிக்கொள்ளலாம். உண்மையான இடைக்கால ஐரோப்பாவைப் போலப் பண்ணை, வரி, குத்தகை என்று நுணுக்கமாகப் போகும் உலகம் அது. மந்திரமும் டிராகனும் எதிர்பார்ப்பவருக்கு அலுக்கும்.

முதல் புத்தகமாக எதை வாங்கலாம்

எபரான் உலகம் 2002-இல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்பாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நடத்திய போட்டியில் கீத் பேக்கர் அனுப்பிய ஒரு பக்கச் சுருக்கத்திலிருந்து பிறந்தது. ஒரு பக்கத்தில் அடங்கிய கரு என்பதால் இன்றும் பிளேயர்களுக்கு அதை ஒரு பக்கத்தில் சொல்ல முடியும்: நூறு ஆண்டு நீண்ட போர் இப்போதுதான் முடிந்திருக்கிறது, சையர் என்ற நாடு முழுவதும் ஒரே நாளில் அழிந்துபோனது, அதைச் செய்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் புத்தகங்கள் வேண்டுமென்றே விடை சொல்வதில்லை. விடை கேம் மாஸ்டருடையது. 2004-இல் வந்த முதல் எபரான் புத்தகமும் சரி, 2019-இல் ஐந்தாம் எடிஷனுக்கு வந்த எபரான்: ரைசிங் ஃப்ரம் தி லாஸ்ட் வார் நூலும் சரி, அந்த உலகக் கணக்கில் 998-ஆம் ஆண்டில்தான் தொடங்குகின்றன. ஆகவே இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். 2019 நூலில் ஷார்ன் நகரத்துக்குத் தனி அத்தியாயமும், முதல் நிலைக் கேரக்டர்களுக்கு ஒரு சிறு சாகசமும் உண்டு. ஐந்தாம் எடிஷன் ஆடுகிறவர்கள் ஒரே புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

நகரம் ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க், 2017. சூரியன் சிதைந்துபோன உலகத்தில் மின்னல் வேலிக்குள் வாழும் டாஸ்க்வோல் என்ற நகரம், 12 பேட்டைகள். விதிநூலும் செட்டிங்கும் ஒரே அட்டைக்குள். அதன் தொடக்கச் சூழ்நிலையை மட்டும் படித்துப் பாருங்கள்: ஒரு பேட்டையை ஆண்ட தாதா செத்துவிட்டார், மூன்று கும்பல்கள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, அதில் ஒரு கும்பலின் தலைவர் உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு "நீங்கள் யார் பக்கம்?" என்கிறார். வரலாறு பத்து வரிகூட இல்லை, ஆனால் அந்த அறைக்குள் நகரம் முழுவதும் வந்துவிடுகிறது.

ஆழம் என்றால் க்ளோராந்தா. கிரெக் ஸ்டாஃபோர்டு 1966-இல் எழுதத் தொடங்கிய உலகம். 2014-இல் வந்த கைடு டு க்ளோராந்தா இரண்டு பெரிய தொகுதிகள், சுமார் 800 பக்கம். அதிலிருந்து தொடங்காதீர்கள். அது அகராதி மாதிரி, தேவைப்படும்போது புரட்டுவதற்கு. க்ளோராந்தாவில் நடக்கும் ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்துக்கு 2021-இல் வந்த ரூன்குவெஸ்ட் ஸ்டார்ட்டர் செட் பெட்டியில் உலகத்தை அறிமுகப்படுத்தும் சிறு நூலும், தனியாக ஆடிப் பார்க்க ஒன்றும், சாகசங்களும், தயார்க் கேரக்டர்களும் இருக்கின்றன. வாசல் அதுதான். இந்த உலகத்தில் சாமி என்பது எங்கோ வானத்தில் இருக்கும் பெயர் இல்லை. குலம், பலி, திருவிழா, முன்னோர், இடத்துக்கு இடம் காவல் தெய்வம் என்று அன்றாடத்தோடு பிணைந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பழகிய வாசகருக்கு இங்கே பல விஷயம் விளக்காமலே புரியும். "உங்கள் க்ளோராந்தா வேறாகத்தான் இருக்கும்" என்பது அதை ஆடுபவர்களிடையே வழங்கும் சொல். 800 பக்கத்தைப் பார்த்து மிரண்டு நிற்பவர் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து வாசனையோடு வேண்டும் என்றால், 2022-இல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல் நூலில் 13 சாகசங்கள் உண்டு. மிமி மோண்டல் எழுதிய மணிவர்ஷா கதை வங்காளத்தின் ஆற்று நிலத்தை மனத்தில் வைத்து அமைந்தது. ஒவ்வொரு கதையோடும் அந்த நாட்டைப் பற்றிய சிறு கெசட்டியர் வருகிறது. சாகச நூல் என்பதால் கேம் மாஸ்டர் மட்டும் படிக்க வேண்டும்.

பிடிஎஃப்பா, அச்சா

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கனமான புத்தகத்தின் தபால் செலவு அதன் விலையையே தொட்டுவிடலாம். முதலில் பிடிஎஃப் வாங்கி நான்கைந்து செஷன் ஆடுங்கள். கை அதையே தேடுகிறது என்றால் அச்சுப்பிரதி வாங்கலாம். எண்பதுகள், தொண்ணூறுகளின் புத்தகங்கள் ஸ்கேன் பிரதிகளாகத்தான் கிடைக்கும். வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தைப் பெரிதாக்கி, வரைபடத்தில் ஊர்ப் பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கேட்டால் அச்சிட்டுத் தரும் பிரதிகளில் பெரிய மடிப்பு வரைபடம் பல சமயம் பக்கம் பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். வரைபடத்தைத் தனியே பெரிய தாளில் அச்சடித்துக்கொள்வது நல்லது.

வாங்கிய பிறகு

அட்டையிலிருந்து அட்டை வரை படிக்காதீர்கள். முதல் செஷனுக்கு 15 பக்கம் போதும். ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: ஒன்றோடொன்று மோதும் மூன்று தரப்பு, பெயரும் ஆசையும் உள்ள ஆறு பேர், அந்த ஊரில் செய்யவே கூடாத ஒரு காரியம், அந்த வாரம் வரும் ஒரு விழா, சந்தையில் கிடைக்கும் ஒரு தின்பண்டம், ஒரு வதந்தி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புத்தகப் பக்க எண். ஆட்டத்தின்போது தாள்தான் முன்னால் இருக்க வேண்டும், புத்தகம் அருகில் மூடியிருக்கட்டும்.

பிளேயர்களுக்குத் தனியாக அரைப் பக்கம், 150 சொல்லுக்குள். அதில் அவர்களுடைய கேரக்டர் சின்ன வயதிலிருந்தே அறிந்திருக்கக்கூடியவை மட்டும். அரசர்களின் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். "தையாட்டியர் ஒருவர் உன் தாத்தாவின் வயலை எழுதி வாங்கிக்கொண்டார்" என்று ஒரு வரி கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

பேச்சு தமிழில் நடக்கும் மேசையில் ஒரு வேலை கூடுதல். புத்தகத்தின் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து தமிழில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு உச்சரிப்பில் மூன்று ஊர்களாகிவிடும். இடப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பதவிப் பெயரைத் தமிழாக்கினால் காதுக்கு நன்றாக விழும்: தலையாரி, தண்டல்காரர், படைத்தலைவர். மனிதர் பேசும் முறையிலும் லோர் இருக்கிறது. யார் யாரை "நீங்கள்" என்கிறார், யார் "நீ" என்கிறார் என்பதை மாற்றினாலே அந்த ஊரின் மேல் கீழ் பிளேயர்களுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலப் புத்தகம் இதற்குக் குறிப்பு தராது, நீங்கள்தான் தாளில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு செஷன் முடிந்ததும் நீங்கள் மாற்றியதைத் தேதியோடு குறித்துவிடுங்கள். புத்தகத்தில் உயிரோடிருப்பவர் உங்கள் மேசையில் செத்திருக்கலாம்; இனி உங்கள் குறிப்பேடு சொல்வதுதான் சரி. அடுத்த செஷனுக்குப் படிக்க வேண்டியது, பிளேயர்கள் எந்தப் பக்கம் கிளம்பினார்களோ அந்த ஊரின் இரண்டு பக்கம் மட்டும்.